தெருக்கூத்திலிருந்து கைபேசி வரை: வீட்டுக்குள் வந்த ஊடகம் பிள்ளைகளையும் குடும்பத்தையும் எப்படி மாற்றுகிறது?

ஆஸ்திரேலியாவில் 16 வயது நிறையாதவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாதபடி ஒரு சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. கணக்குகளைத் தடுக்கத் தவறும் நிறுவனங்களுக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை எதுவும் இல்லை. இந்தச் செய்தி வந்தபின் நம் ஊர்ப் பெற்றோர் நடுவிலும் பழைய கேள்விகள் புதிதாக எழுந்துள்ளன. தொலைக்காட்சி கெடுதலா, கைபேசி கெடுதலா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கலாம்? கார்ட்டூன் பார்த்தால் பேச்சு வருமா, நின்றுபோகுமா?

இக்கேள்விகளுக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு ஓரங்களில் நிற்கின்றன: ஒன்று, எல்லாம் பாழ் என்பது, மற்றொன்று, காலம் மாறிவிட்டது, விட்டுவிடுங்கள் என்பது. இரண்டுமே உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. திரையில் என்ன காட்டப்படுகிறது என்பதைவிட, அந்தத் திரை வீட்டில் எந்த இடத்தை, எந்த நேரத்தை, யாருடைய பேச்சை எடுத்துக்கொள்கிறது என்பதே பிள்ளையை அதிகம் பாதிக்கிறது. அது ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

வெகுமக்கள் ஊடகம் என்பது எது?

ஓரிடத்தில் உருவாக்கப்பட்டு, ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரம் பேரை ஒரே சமயத்தில் சென்றடைவது வெகுமக்கள் ஊடகம். செய்தித்தாள், வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவை இதில் அடங்கும். இதன் முதன்மைக் குணம், பேசுபவருக்குக் கேட்பவரைத் தெரியாது என்பதுதான். வேலூரின் சத்துவாச்சாரியில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று பயந்துபோய்ப் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டதா என்பது சென்னையில் நிகழ்ச்சி தயாரித்தவருக்குத் தெரியாது. தெரிந்து நிறுத்தவும் வழியில்லை.

கைபேசியில் வரும் காணொளிச் செயலிகள் இதிலிருந்து ஒரு படி மாறியவை. அங்கே பார்ப்பவரைக் கணினி நிரல் கவனிக்கிறது: எந்தக் காணொளியில் விரல் நின்றது, எதைத் தள்ளிவிட்டது, எதைத் திரும்பப் பார்த்தது என்று கணக்கு வைத்து அடுத்ததை எடுத்துத் தருகிறது. ஆனால் அதன் கவனிப்பு பாட்டியின் கவனிப்பு அல்ல. பிள்ளை பயந்தால் நிறுத்த வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. பயத்தில் கண் எடுக்காமல் பார்த்தாலும், பிடித்துப்போய்ப் பார்த்தாலும் அதன் கணக்கில் இரண்டும் ஒன்றே.

ஊர் பார்த்தது, தெரு பார்த்தது, வீடு பார்த்தது

வேலூர் உள்ளிட்ட வட ஆற்காட்டில் வெகுமக்கள் கலை என்றால் அது முதலில் தெருக்கூத்துதான். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால், அதாவது மகாபாரதக் கதை சொல்லும் விழா எடுத்தால், பகலில் பிரசங்கமும் இரவில் விடிய விடியக் கூத்தும் நடக்கும். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் முன் படுகளம் என்னும் துரியோதனன் வீழும் காட்சி, மாலையில் தீமிதி. அந்தக் கூத்திலும் கொலை உண்டு, சூது உண்டு, துகில் உரிதல் உண்டு. பிள்ளைகளும் பார்த்தார்கள். ஆனால் அதைச் சுற்றி சில வேலிகள் இருந்தன. ஆண்டில் சில நாள்கள் மட்டுமே நடந்தது. ஊர்ப் பொது இடத்தில் நடந்தது. பக்கத்தில் பெரியவர்கள் இருந்தார்கள். தூக்கம் வந்த பிள்ளை அம்மாவின் மடியிலேயே தூங்கியது. புரியாததைக் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் இடையில் புகுந்து எளிய பேச்சில் விளக்கினான், சிரிக்கவும் வைத்தான்.

அந்த வேலிகள் ஒவ்வொன்றாக எப்படி விழுந்தன என்பதே வீட்டு ஊடகத்தின் வரலாறு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. தொடக்கத்தில் தெருவில் ஓரிரு வீடுகளில் மட்டுமே பெட்டி இருந்ததால், வெள்ளிக்கிழமை இரவுப் பாடல் நிகழ்ச்சிக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கியதைத் தொடர்ந்து கேபிள் வழியாகப் பல அலைவரிசைகள் வந்தன. 2006 செப்டம்பரில் மாநில அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியபின், அடுத்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய தேவை ஏழை வீடுகளிலும் நீங்கியது. அடுத்த வீட்டு வாசற்படியில் நின்று ஜன்னல் வழியே பார்த்து விரட்டப்பட்ட பிள்ளைகளின் அவமானமும் அத்துடன் போயிற்று என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2016-க்குப் பின் கைபேசித் தரவு மலிவானது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அதுவரை பிள்ளை கையில் கைபேசி தராத வீடுகளும் பாடத்துக்காக அதைத் தர வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு படியிலும் உடன் பார்ப்பவர் எண்ணிக்கை குறைந்தது: ஊர், தெரு, குடும்பம், கடைசியில் போர்வைக்குள் ஒரே ஆள். பார்க்கும் நேரத்துக்கு இருந்த எல்லையும் இல்லாமல் போனது. உள்ளடக்கம் கெட்டுப்போனதாகப் பலரும் வருந்துகிறோம். ஆனால் அதனினும் பெரிய மாற்றம், பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து போனதுதான்.

பணம் எங்கிருந்து வருகிறது?

நாம் மாதச் சந்தா கட்டினாலும், பெரும்பாலான பொழுதுபோக்கு அலைவரிசைகளுக்கு முதன்மை வருவாய் விளம்பரமே. விளம்பரத்தின் விலையை முடிவு செய்வது எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணிப்பு. நாடெங்கும் தேர்ந்தெடுத்த பல்லாயிரம் வீடுகளில் பொருத்திய கருவிகளைக் கொண்டு பார்க் என்னும் அமைப்பு 2015 முதல் இதை அளந்து வெளியிடுகிறது, டி.ஆர்.பி. என்று பேச்சில் அடிபடுவது இதுவே. எனவே ஒரு தொடரின் ஒவ்வொரு பகுதியும் தீராத ஒரு சிக்கலில் முடிகிறது. அது கதை எழுதியவரின் குறை அன்று, நாளைக்கும் நம்மை உட்கார வைக்க வேண்டிய தொழிலின் தேவை. கைபேசிச் செயலியில் ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது தானே ஓடத் தொடங்குவதும் அதே தேவைதான். பெரியவர்களாலேயே எழுந்து போக முடியாதபடி அமைக்கப்பட்ட ஒன்றைக் கொடுத்துவிட்டு, "சொன்னால் கேட்கவே மாட்டேன் என்கிறான்" என்று ஆறு வயதுப் பிள்ளையைக் குறை கூறுவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதில் 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் அலைவரிசையின் சொந்த விளம்பரம்.

வயதுக்கு வயது என்ன மாறுகிறது?

1. இரண்டு வயது வரை. இந்த வயதில் குழந்தை திரையிலிருந்து கற்பது மிகக் குறைவு. 2003-ல் அமெரிக்காவில் பட்ரீசியா குல் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினர். நேரில் உட்கார்ந்து சீன மொழியில் பேசி விளையாடியவரிடமிருந்து குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சைக் காணொளியாகக் காட்டியபோது பிடித்துக்கொள்ளவில்லை. தன்னைப் பார்த்து, தன் கண் போகும் பக்கம் கண்ணைத் திருப்பி, தன் மழலைக்குப் பதில் சொல்லும் ஆள் இருந்தால்தான் குழந்தைக்கு மொழி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்திய குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் இரண்டு வயது வரை திரை வேண்டாம் என்கின்றன. உறவினரோடு காணொளியில் பேசுவதற்கு மட்டும் இந்தியச் சங்கம் விலக்குத் தருகிறது. அதற்குக் காரணம் உண்டு. கம்மவான்பேட்டை போலப் படைவீரர்கள் நிறைந்த ஊரில், எல்லையில் இருக்கும் அப்பா கைபேசியில் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அது சிரித்தால் தானும் சிரிக்கிறார். அது பதில் உள்ள பேச்சு. தானாக ஓடும் பாட்டுக் காணொளியில் அந்தப் பதில் இல்லை.

2. இரண்டு முதல் ஏழு வயது வரை. நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இந்த வயதில் பிள்ளை பார்த்ததைச் செய்து பார்க்கும். ஆல்பர்ட் பாண்டுரா 1961-ல் செய்த சோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே சொற்களைச் சொல்லி அதேபோல் அடித்தனர். 1963-ல் அதைப் படமாகக் காட்டியபோதும் அப்படியே செய்தனர். ஆனால் இதிலிருந்து, சண்டைக் காட்சி பார்த்த பிள்ளை வளர்ந்து முரடனாவான் என்று முடிவு கட்ட முடியாது. சோதனை அளந்தது அடுத்த சில நிமிடங்களைத்தான். அடி வாங்கியதோ, அடிப்பதற்கென்றே செய்த பொம்மை. இந்த வயதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: ஏறக்குறைய ஏழு, எட்டு வயது வரை விளம்பரம் என்பது விற்கும் நோக்கத்தோடு பேசுவது என்று பிள்ளைக்கு முழுதாகப் புரியாது. அண்ணன் ஒருவர் அன்போடு சொல்லும் செய்தியாகவே அதை எடுத்துக்கொள்ளும். கடையில் அந்தப் பொட்டலத்தைக் கேட்டு உருண்டு அழுவது பிடிவாதம் மட்டும் அன்று.

3. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை. கதைக்கும் உண்மைக்கும் வேறுபாடு தெரியும். இப்போது பாதிப்பது தூக்கமும் விளையாட்டும். படுக்கும் நேரத்தில் கண்ணருகே ஒளிரும் திரை தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. வெளி வெயிலில் விளையாடும் நேரம் குறைவதற்கும் கிட்டப்பார்வைக்கும் தொடர்பு இருப்பதைக் கண் மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன.

4. பதின்வயது. இங்கே அளவுகோல் மணிக்கணக்கு அன்று, ஒப்பீடு. தன் முகத்தை, நிறத்தை, வீட்டை, உடையைத் திரையில் வருவதோடு ஒப்பிட்டுத் தன்னைக் குறைத்துக்கொள்வது, குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், மெல்ல நடக்கும், வெளியே தெரியாது.

பின்னணியில் ஓடும் பெட்டி

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். மடியில் முறம், அதில் இலையும் தூளும், பக்கத்தில் நூல்கண்டு. கை வேலை செய்யும். காதுக்கு வேலை இல்லை. முன்பு வானொலி ஓடியது, இப்போது தொலைக்காட்சி ஓடுகிறது. காலையிலிருந்து இரவு வரை ஓடும் அந்த ஒலி, தனித்து வேலை செய்பவருக்குத் துணை. அதைக் குற்றமாகச் சொல்பவர்கள், ஒரே இடத்தில் உட்கார்ந்து நாள் முழுதும் ஆயிரம் பீடி சுற்றிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் அதன் விளைவைத் தெரிந்துகொள்வது நல்லது. யாரும் கவனித்துப் பார்க்காமல், ஒலி மட்டும் நிறைந்து ஓடும் தொலைக்காட்சியைப் பின்னணித் தொலைக்காட்சி என்பர். பிள்ளை திரையைப் பார்க்கவே இல்லையே, மூலையில் விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். 2009-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வயதுக்கு உட்பட்ட முந்நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் சட்டையில் சிறு ஒலிப்பதிவுக் கருவியை வைத்து வீட்டுப் பேச்சை அளந்தனர். தொலைக்காட்சி ஒலித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர் பேசிப் பிள்ளை காதில் விழுந்த சொற்கள் ஏறத்தாழ 770 குறைந்திருந்தன. பிள்ளையும் குறைவாகவே குரல் எழுப்பியது. பெட்டி பேசும்போது வீடு பேசுவதில்லை. இதை இடம்பிடித்தல் என்று சொல்லலாம்: ஊடகம் நேரடியாக எந்தக் கெடுதலும் செய்யாமலேயே, நல்லது ஒன்று இருந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது.

வேலூர் மாவட்டத்துக்கு இது கூடுதல் பொருள் உடையது. இங்கே பல வீடுகளில் உருது அல்லது தெலுங்கு பேசப்படுகிறது, தெருவில் தமிழ், பள்ளியில் பலருக்கு ஆங்கிலம். பல மொழி கேட்பதால் பிள்ளைக்குக் குழப்பம் வராது. ஆனால் ஒவ்வொரு மொழியையும் அதனிடம் பேச ஓர் ஆள் வேண்டும். கைபேசி பார்த்தே இங்கிலீஷ் பேசுகிறான் என்று பெருமைப்படும் வீடுகளில், பிள்ளை வண்ணங்களின் பெயரையும் எண்களையும் ஆங்கிலத்தில் ஒப்பிக்கும். தண்ணீர் வேண்டும் என்று எந்த மொழியிலும் கேட்காது. ஒப்பிப்பது பேச்சு ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கைபேசியால் ஆட்டிசம் வரும் என்று பரவும் செய்திக்கு மருத்துவச் சான்று இல்லை. ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு. இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை, கைபேசியை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருந்து பார்ப்பது ஆபத்து. செவித்திறனையும் வளர்ச்சியையும் உடனே சோதிக்க வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிக்கெனத் தனித்துறையே உள்ளது. எங்கோ தொலைவில் தேட வேண்டியதில்லை.

குடும்பத்துக்கு நேர்ந்தவை

நன்மையும் அளக்கப்பட்டுள்ளது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளியலாளர்கள், தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களின் 180 கிராமங்களில் 2001 முதல் 2003 வரை திரட்டிய தகவலைக் கொண்டு 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். கேபிள் புதிதாக வந்த கிராமங்களில், கணவன் அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தனர்; ஆண் பிள்ளைதான் வேண்டும் என்போர் குறைந்தனர்; வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கு கூடியது. கண்ணீர்த் தொடர் என்று நாம் தள்ளிவிடும் கதைகளில்கூட, சம்பாதிக்கும் பெண்ணும் எதிர்த்துக் கேட்கும் மருமகளும் வந்தனர். வேறு வகையில் வாழலாம் என்பதே பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டைக் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போகும் பெண்களின் தலைமுறை இதே காலத்தில் வளர்ந்தது. அதற்குத் தொலைக்காட்சிதான் காரணம் என்று சொல்ல முடியாது; வேலையும் கல்வியும் சேர்ந்தே வந்தன. ஆனால் ஊடகம் வீட்டைக் கெடுக்க மட்டுமே வந்தது என்ற பேச்சு இந்தச் சான்றின் முன் நிற்பதில்லை.

மறுபுறமும் உண்டு. ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர், நீண்ட காலம் அதிகமாகத் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் உலகம் உள்ளதைவிடக் கொடியது என்று நம்பத் தொடங்குவதை எடுத்துக்காட்டினார். கொலையும் சதியும் நாள்தோறும் கூடத்தில் நடந்தால், பக்கத்து வீட்டார்மீதும் சந்தேகம் வரும். செய்தி அலைவரிசைகளில் இது இன்னும் கூர்மை. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, ஒரே காட்சி நாள் முழுதும் திரும்பத் திரும்ப ஓடியது. அது ஒரே வெள்ளத்தின் ஒரே காட்சி என்று பெரியவர்களுக்குத் தெரியும். சிறு பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு புதிய வெள்ளம். அடுத்தது நம் வீட்டுக்கு. அந்நேரத்தில் பிள்ளைக்குத் தேவை, பெட்டியை அணைத்துவிட்டு, தண்ணீர் எங்கே இருக்கிறது, நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் ஒரு குரல். கட்டியக்காரன் செய்த வேலை அதுதான்; உடன் பார்த்தல் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுவதும் அதைத்தான். ஒரே நிகழ்ச்சியைத் தனியே பார்த்த பிள்ளையைவிட, இடையிடையே "ஏன் அப்படிச் செய்தாள்?" என்று கேட்கும் ஒருவரோடு பார்த்த பிள்ளை அதிகம் புரிந்துகொள்கிறது.

சட்டம் எதுவரை வரும்?

தொலைக்காட்சிக்கு 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புச் சட்டமும் அதன் நிகழ்ச்சி நெறிகளும் உள்ளன. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியில் தகாத சொல்லும் வெளிப்படையான வன்முறையும் கூடாது. பிள்ளைகளுக்கு ஒவ்வாத நிகழ்ச்சியை அவர்கள் அதிகம் பார்க்கும் நேரத்தில் காட்டக் கூடாது. பிள்ளைகளின் பாதுகாப்பைக் குலைக்கும் விளம்பரம் கூடாது என்று அவை கூறுகின்றன. மீறினால் பார்ப்பவர் எவரும் புகார் செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2021 ஜூனில் திருத்தப்பட்ட விதிகளின்படி:

1. புகாரை முதலில் அந்த அலைவரிசைக்கே எழுத வேண்டும். நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். 15 நாள்களுக்குள் அவர்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

2. பதில் வராவிட்டாலோ, நிறைவளிக்காவிட்டாலோ, அலைவரிசைகளின் சுய ஒழுங்குமுறை அமைப்பிடம் 15 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அவர்களுக்கு 60 நாள் கெடு.

3. அதற்கும் மேலே மத்திய அரசின் கண்காணிப்பு அமைப்பு உள்ளது.

கைபேசிக்கு வந்தால் நிலைமை வேறு. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கவனிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு நடைமுறைக்கு வந்தாலும், பிள்ளையைப் பிள்ளை என்று நிறுவனம் அறிந்தால்தான் வேலை செய்யும். நம் வீடுகளில் பெரும்பாலும் பிள்ளை கையில் இருப்பது அம்மாவின் கைபேசி. அதில் உள்ள கணக்கும் அம்மாவுடையது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, அழும் மூன்று வயதுப் பிள்ளையிடம் அதை அவர் நீட்டும்போது, செயலியின் கணக்கில் அங்கே உட்கார்ந்திருப்பது முப்பது வயதுப் பெண். அந்தப் பெண்ணுக்கான விளம்பரமும், அந்தப் பெண்ணுக்கான அடுத்த காணொளியும் அந்தப் பிள்ளையின் கண்முன் ஓடும்.